பிளாஸ்மிட் பேரை எப்படி வாசிக்கறது, அந்தப் பேரு எதைச் சொல்லாம விட்டுடுது

மூளைல இருக்கற நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, லைட்டால இயக்கற ஆப்டோஜெனடிக்ஸ் பத்தி வர்ற வீடியோ எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே காட்சிதான் இருக்கும், சுண்டெலி தலையில மெல்லிசா ஒரு ஃபைபர் இருக்கும், நீல லைட் போட்டதும் அது ஒரே பக்கமா வட்டம் அடிக்க ஆரம்பிக்கும், லைட்டை நிறுத்தினா அதுவும் நின்னுடும். பாக்கறவங்களுக்கு லைட் தான் கண்ணுல படுது. ஆனா அந்த லைட்டுக்கு ஆடற புரோட்டீன் எலியோடது இல்ல, அதை எலி மூளைக்குள்ள ஒருத்தர் கொண்டுபோய் சேர்த்திருக்காங்க. அப்படி சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த புரோட்டீனோட ஜீன் ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்துக்குள்ள, அதாவது பிளாஸ்மிட்டுக்குள்ள உக்காந்திருந்துச்சு. நான் எழுத வந்தது அந்த வளையத்தைப் பத்தித்தான், ஏன்னா சோதனை சரியா வருமா வராதாங்கறது பாதிக்கு மேல அங்கயே முடிவாயிடுது.

முதல்ல இந்த பேரைப் பாருங்க: பிஏஏவி-ஈஎஃப்1ஏ-டபுள் ஃப்ளாக்ஸ்டு-ஹெச்சிஹெச்ஆர்2(ஹெச்134ஆர்)-ஈஒய்எஃப்பி-டபிள்யூபிஆர்ஈ-ஹெச்ஜிஹெச்பிஏ. லேப்ல புதுசா சேர்ந்தவங்க ஃப்ரீசரைத் திறந்து ட்யூப் மேல இதைப் பாத்தா மிரண்டு போயிடுவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா இது பேரு இல்ல, இது ஒரு வாக்கியம். இடமிருந்து வலமா வாசிச்சா டிஎன்ஏல எது எந்த வரிசைல இருக்குன்னு அப்படியே சொல்லிடும். ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்கான பதில்.

நடுவுல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா கதையே அங்கதான் இருக்கு. சிஹெச்ஆர்2ன்னா சேனல்ரோடாப்சின்-2, இது கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டிங்கற ஒரே செல் உள்ள பச்சைப் பாசியோட புரோட்டீன். அந்தப் பாசிக்கு கண்ணு மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கு, அதை வச்சுத்தான் வெளிச்சம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சு நீந்திப் போகும். ஜெர்மனில கியோர்க் நாகல், பீட்டர் ஹெகெமான், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் இவங்கல்லாம் சேர்ந்து 2002லயும் 2003லயும் காட்டினது என்னன்னா, இந்தக் குடும்பத்து புரோட்டீன் லைட்டை வாங்கி வேற யாருக்கோ தகவல் சொல்ற ஆள் இல்ல, தானே ஒரு வாசல், நீல வெளிச்சம் பட்டா திறந்து பாசிட்டிவ் அயான்களை உள்ள விடுதுன்னு. நியூரான் ஃபயர் ஆகறதுக்கும், அதாவது மின் துடிப்பு அனுப்பறதுக்கும், அதேதான் வேணும், பாசிட்டிவ் அயான் உள்ள வரணும். இதைப் பிடிச்சுக்கிட்டு 2005ல எட் பாய்டன், ஃபெங் ஜாங், கார்ல் டைஸராத் இவங்க நாகல், பாம்பெர்க் கூட சேர்ந்து டிஷ்ல வளர்ந்த நியூரான்களுக்குள்ள அந்த ஜீனை லென்டிவைரஸ்ங்கற, ஜீனை செல்லுக்குள்ள சுமந்துட்டுப் போற ஒரு வைரஸ் வழியா போட்டு, நீல லைட்டை மில்லிசெகண்ட் கணக்குல அடிச்சு, அடிக்கு அடி நியூரானை ஃபயர் பண்ண வச்சாங்க.

இதுல பலரும் கவனிக்காத ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. இந்த புரோட்டீன் தனியா வேலை செய்யாது, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினல்ங்கற ஒரு மூலக்கூறு அதுக்குள்ள போய் உக்காந்தாத்தான் வெளிச்சத்தைப் பிடிக்கும். பாலூட்டிகளோட மூளைல அந்த ரெட்டினல் ஏற்கனவே போதுமான அளவு இருக்கு. அதனால தனியா எதையும் ஊத்த வேண்டியதில்ல, ஜீனை மட்டும் கொண்டுபோய் சேர்த்தா போதும். அது மட்டும் இல்லாம போயிருந்தா இந்தத் துறை இவ்வளவு வேகமா வளர்ந்திருக்காதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

முன்னாடி இருக்கற ஹெச் என்னன்னா, மனுஷ செல் வாசிக்க வசதியா ஜீனோட எழுத்துக்களை மாத்தி எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். பாசி ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு கோடான், அதாவது அதைக் குறிக்கற மூணெழுத்துச் சொல், விரும்பும், நம்ம செல் வேற ஒண்ணை விரும்பும், வர்ற புரோட்டீன் மாறாது. ஹெச்134ஆர்ங்கறது 134வது இடத்துல ஹிஸ்டிடினை எடுத்துட்டு ஆர்ஜினினை வச்ச மாத்தம், இதனால கரண்ட் கொஞ்சம் கூடுது, ஆனா வாசல் மூடறது லேசா மெதுவாகுது. ஒண்ணு கிடைச்சா ஒண்ணு போகும். ரொம்ப வேகமா ஃபயர் ஆகற நியூரானைத் தொடர்ந்து விரட்டணும்னா இந்த மாத்தம் சரிப்படாது, அதுக்கு வேற வேரியன்ட் தேடணும்.

ஈஒய்எஃப்பி ஒரு மஞ்சள் ஒளிர் புரோட்டீன், ஜெல்லிமீன்ல இருந்து வந்த பச்சை புரோட்டீனை மாத்தி செஞ்சது, சேனலோட வாலுல ஒட்டியிருக்கும். எந்த நியூரானுக்குள்ள ஜீன் போயிருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல பாக்கறதுக்குத்தான் இது. டபிள்யூபிஆர்ஈ வந்து வுட்சக்ங்கற கொறிக்கற விலங்கைத் தாக்கற ஒரு ஹெபடைடிஸ் வைரஸ்ல இருந்து எடுத்த துண்டு, இது இருந்தா புரோட்டீன் உற்பத்தி கூடுது. கடைசில ஹெச்ஜிஹெச்பிஏ, மனுஷ வளர்ச்சி ஹார்மோன் ஜீனோட வால் பகுதி, செய்தி இங்க முடியுதுன்னு செல்லுக்குச் சொல்ற முற்றுப்புள்ளி. பாசி, ஜெல்லிமீன், வுட்சக் வைரஸ், மனுஷன், எல்லாம் ஒரே கயித்துல. முதல் தடவை இது புரிஞ்சப்ப நான் ரொம்ப நேரம் அந்த மேப்பையே பாத்துட்டு இருந்தேன்.

உற்பத்தியைக் கூட்ட இவ்வளவு பாடு எதுக்குன்னு கேக்கலாம். ஒரு சேனல்ரோடாப்சின் திறந்தா அது வழியா போற கரண்ட் ரொம்ப ரொம்ப சின்னது, நியூரான்ல சாதாரணமா இருக்கற சோடியம் சேனல் பக்கத்துல கூட வராது. அதனால ஒரு நியூரான் ஃபயர் ஆகணும்னா செல் சவ்வு முழுக்க இது மொய்ச்சுக்கிட்டு இருக்கணும். நிறைய செய்யணும், செஞ்சது சவ்வுக்குப் போய்ச் சேரணும். இந்த ரெண்டாவது விஷயத்துலதான் ஹாலோரோடாப்சின் ரொம்ப படுத்துச்சு. அது நியூரானை அமைதியாக்கற புரோட்டீன், உப்பு மிகுந்த இடத்துல வாழற நேட்ரோனோமோனாஸ்ங்கற நுண்ணுயிரோடது, மஞ்சள் லைட் பட்டா குளோரைடை உள்ள தள்ளும். நிறைய செய்ய வச்சா சவ்வுக்குப் போகாம செல்லுக்குள்ளயே, புரோட்டீன் தயாராகற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல கட்டி கட்டியா தேங்கிடுச்சு. அப்புறம் கிர்2.1ங்கற பொட்டாசியம் சேனல்ல இருந்து வழிகாட்டற சின்னச் சின்ன துண்டுகளை எடுத்து பிளாஸ்மிட்ல ஒட்டினாங்க, அதுக்கப்புறம்தான் ஒழுங்கா சவ்வுக்குப் போச்சு. பேருல ஈஎன்பிஹெச்ஆர் 3.0ன்னு பாத்தீங்கன்னா அந்த 3.0 இந்தப் போராட்டத்தோட மூணாவது சுத்து.

இப்ப எந்த நியூரான்ங்கற கேள்விக்கு வரலாம், ஆப்டோஜெனடிக்ஸுக்கு உயிரே அதுதான். மின்கம்பியை மூளைல சொருகி கரண்ட் விட்டா பக்கத்துல இருக்கற எல்லா நியூரானும் சேர்ந்து கத்தும். ஒரு வகையை மட்டும் பேச வைக்கணும்னா ஜீனுக்கு முன்னாடி வைக்கற ப்ரோமோட்டரைத் தேர்ந்தெடுக்கணும், இந்த ஜீனை எந்த செல்லுல ஆன் பண்ணலாம்னு சொல்ற ஸ்விட்ச் அது. சினாப்சின் ப்ரோமோட்டர் போட்டா நியூரான்ல மட்டும் ஓடும், பக்கத்துல இருக்கற கிளியாங்கற துணை செல்லுல பெருசா ஓடாது. கேம்-கே-2-ஆல்ஃபா போட்டா பெரும்பாலும் தூண்டற வகை நியூரான்ல ஓடும். ஆனா பார்வல்புமின்ங்கற புரோட்டீனைச் செய்யற வகை மாதிரி குறிப்பிட்ட ஒரு தடுக்கற நியூரானை மட்டும் பிடிக்கணும்னா, பார்வல்புமின் ஜீனோட முழு கட்டுப்பாட்டுப் பகுதியும் நம்ம வைரஸ் ஓட்டுக்குள்ள அடங்காது, வெட்டிச் சுருக்கினா குறி தவறிப்போகும்.

இங்கதான் பேருல இருக்கற டபுள் ஃப்ளாக்ஸ்டு வருது, டிஐஓன்னும் சொல்லுவாங்க. எனக்கு இந்த ஐடியா மேல தனிப் பிரியம் உண்டு. ஜீனை பிளாஸ்மிட்ல தலைகீழா வச்சுடுவாங்க. ப்ரோமோட்டர் எவ்வளவு பலமா இருந்தாலும் பரவால்ல, அது வாசிக்கறது தலைகீழ் எழுத்து, அதுல இருந்து புரோட்டீன் வராது. ஜீனோட ரெண்டு பக்கமும் லாக்ஸ்ங்கற 34 எழுத்து அடையாளம், அதுலயும் ரெண்டு விதம், லாக்ஸ்பி ஒரு ஜோடி, லாக்ஸ்2272 ஒரு ஜோடி. ஒரு ஜோடி இன்னொரு ஜோடியோட சேராது. க்ரீங்கற என்சைம், இது பாக்டீரியாவைத் தாக்கற ஒரு வைரஸோடது, ஒரு ஜோடியைப் பிடிச்சு நடுவுல இருக்கறதை அப்படியே திருப்பிப் போடும். திருப்பினதும் இன்னொரு ஜோடி ஒரே திசையைப் பாத்து நிக்கும், அப்ப க்ரீ அந்த ஜோடிக்கு நடுவுல இருக்கற துண்டை வெட்டி எடுத்துடும், அந்தத் துண்டோட முதல் ஜோடில ஒண்ணும் போயிடும். மிச்சம் இருக்கறது ஒவ்வொரு விதத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான், ஜோடி இல்ல, அதனால திரும்பி பழைய நிலைக்குப் போகவே முடியாது, ஜீன் நேராவே பூட்டிக்கும். க்ரீ எங்க இருக்கும்னா பார்வல்புமின் நியூரான்ல மட்டும் க்ரீ செய்யற மாதிரி உருவாக்கின எலிகள் இருக்கு, அதுல. வைரஸ் எல்லா நியூரானுக்குள்ளயும் போகும், ஆனா அந்த வகைலதான் ஜீன் நேரா திரும்பும். குறி வைக்கற வேலையை எலிகிட்ட கொடுத்துட்டதால வைரஸ்ல பலமான, பொதுவான ப்ரோமோட்டர் வச்சுக்கலாம், ஈஎஃப்1ஏ அங்க நிக்கறதுக்குக் காரணம் அதுதான்.

இது நூத்துக்கு நூறு பூட்டு இல்லைங்கறதையும் சொல்லிடணும். பிளாஸ்மிட்டை பாக்டீரியால வளர்க்கும்போதே எங்கயோ சில பிரதில ஜீன் தானா திரும்பிடும், வைரஸை ரொம்ப கெட்டியா போட்டா க்ரீ இல்லாத நியூரான்லயும் லேசா கசியும். அதனால க்ரீயே இல்லாத எலிக்கும் அதே வைரஸைப் போட்டு ஒண்ணும் மின்னலைன்னு காட்டறது கட்டாயம், நேரம் இல்லைன்னு இதைத் தவிர்க்கறவங்களை என்னால ஏத்துக்க முடியல.

இதெல்லாம் எதுக்குள்ள அடங்கணும்? பேரோட ஆரம்பத்துல இருக்கற ஏஏவிக்குள்ள. அடினோ-அசோசியேட்டட் வைரஸ், 1965ல அடினோவைரஸ் மாதிரிகளுக்குள்ள கலந்து கிடந்த துகளா கண்டுபிடிச்சது. குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர், உள்ள ஒத்தை இழை டிஎன்ஏ, நீளம் சுமார் 4.7 கிலோபேஸ், அதாவது 4,700 எழுத்து. மனுஷனுக்கு எந்த வியாதியும் இதால வர்றதா தெரியல, தானா பெருகவும் முடியாது, நியூரானுக்குள்ள போனா பெரும்பாலும் குரோமோசோம்ல ஒட்டாம தனி வளையமா நிக்கும், நியூரான் பிரியாத செல்ங்கறதால அது கரைஞ்சும் போகாது. லென்டிவைரஸ் இதை விட கிட்டத்தட்ட ரெட்டிப்பு தூக்கும், ஆனா குரோமோசோம்ல போய் ஒட்டிக்கும், துகளும் பெருசு, சுமார் 100 நானோமீட்டர், மூளைத் திசுல அவ்வளவா பரவாது. அதனால இன்னிக்கு எலி மூளை வேலைல ஏஏவிதான் அதிகம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஈஎஃப்1ஏ சுமார் 1.2, சேனல்ரோடாப்சின் வெட்டின வடிவம் 0.93, ஈஒய்எஃப்பி 0.72, டபிள்யூபிஆர்ஈ 0.6, முற்றுப்புள்ளி 0.48, ரெண்டு முனையும் சேர்ந்து 0.29. கூட்டினா 4.2 கிலோபேஸ் தாண்டுது, லாக்ஸ் அடையாளங்களையும் நடுவுல வர்ற ஒட்டு எழுத்துக்களையும் சேர்த்தா பெட்டி கிட்டத்தட்ட நிறைஞ்சாச்சு. இதுல இன்னொரு ஜீனை சேர்க்கலாமான்னு கேட்டு யாராவது வந்தா முதல்ல ப்ரோமோட்டரை சினாப்சினா மாத்துங்கன்னுதான் சொல்லுவேன், அது 0.5க்குள்ள முடிஞ்சுடும். அளவு மீறினா வைரஸ் செய்யவே செய்யாதுன்னு இல்ல, செய்யும், ஆனா உள்ள அறுந்த டிஎன்ஏவா இருக்கும், அளவும் குறையும்.

இப்ப அந்த முனைகள். பேருல எங்கயுமே இல்லாதது இதுதான், என்னோட நேரத்தை ஒரு மாசத்துக்கு மேல தின்னதும் இதுதான். ஏஏவி டிஎன்ஏவோட ரெண்டு முனைலயும் ஐடிஆர்னு 145 எழுத்து இருக்கு, தன் மேலயே மடங்கி ஒரு டி வடிவ கொண்டை மாதிரி நிக்கும். டிஎன்ஏவைப் பிரதி எடுக்க ஆரம்பிக்கறது அங்க, ஓட்டுக்குள்ள எதை ஏத்தணும்னு அடையாளம் சொல்றதும் அங்க. வைரஸோட சொந்த ஜீன்கள் எல்லாத்தையும் எடுத்துட்டு நம்ம சரக்கை வைக்கலாம், இந்த முனைகளை மட்டும் தொடக்கூடாது. ஆனா ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இந்த மாதிரி மடங்கற எழுத்து பிடிக்காது. வளர வளர அதை வெட்டி எறிஞ்சுடும், அப்படி வெட்டின பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா மத்ததை விட நல்லா வளரும் வேற. அதனாலதான் ரீகாம்பினேஷன், அதாவது டிஎன்ஏவை வெட்டி ஒட்டற பழக்கம், குறைஞ்ச எஸ்டிபிஎல்3 மாதிரி பாக்டீரியால போட்டு, 37 டிகிரிக்கு பதிலா 30 டிகிரில வளர்க்கறாங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.

எனக்கு நடந்தது இப்படி. பிளாஸ்மிட் வந்துச்சு, அவசரத்துல கைல இருந்த சாதாரண பாக்டீரியால போட்டு 37 டிகிரில ராத்திரி முழுக்க வளர்த்தேன், டிஎன்ஏ நிறைய கிடைச்சுது, ஜீன் பகுதியை சீக்வென்ஸ் பண்ணினேன், அதாவது எழுத்து எழுத்தா படிச்சேன், ஒரு எழுத்து கூட தப்பில்ல. வைரஸ் பண்ணினா அளவு ரொம்ப கம்மி. திரும்பப் பண்ணினேன், அதே கதை. செல் சரியில்லையா, ரீஏஜென்ட் சரியில்லையான்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருந்தேன். கடைசில ஸ்மா-1ங்கற என்சைம் போட்டு வெட்டி ஜெல்ல ஓட்டினேன், அதுல டிஎன்ஏ துண்டுகள் நீளத்தைப் பொறுத்து தனித்தனி கோடா, பேண்டா பிரியும். இந்த என்சைம் ஐடிஆருக்குள்ள வெட்டும், ஜீன் பகுதில இது வெட்டற வேற இடம் இல்லாத பிளாஸ்மிட்னா ரெண்டு பேண்டு வரணும், சரக்கு ஒண்ணு, பாக்டீரியா வளர்க்கற பின்பகுதி ஒண்ணு. எனக்கும் ரெண்டும் வந்துச்சு, ஆனா ரெண்டும் மங்கல், அதுக்கு மேல முழு பிளாஸ்மிட் நீளத்துல மூணாவதா தடிச்ச ஒரு பேண்டு. ஒரு முனை போன பிளாஸ்மிட் ஒரே ஒரு இடத்துல வெட்டுப்பட்டு நீளமா நிக்குது, ட்யூப்ல இருந்த டிஎன்ஏல பெரும்பகுதி அதுதான். சீக்வென்ஸ் ஏன் காட்டிக்கொடுக்கலைன்னா நான் நடுவுல மட்டும் படிச்சிருக்கேன், சாதாரண சீக்வென்சிங் அந்த மடங்கின கொண்டைக்குள்ள போனாலே தடுமாறி நின்னுடும். இன்னொண்ணும் சொல்றேன், ஐடிஆர்ல அடிக்கடி காணாம போறது ஒரு 11 எழுத்து துண்டு, அது போனாலும் ஸ்மா-1 வெட்டற இடம் ஒண்ணு மிச்சம் இருக்கும், அதனால ஜெல் சுத்தமாவே தெரியும், அதைப் பிடிக்க ஏஹெச்டி-1 மாதிரி வேற என்சைம் போடணும். அந்த மாதிரி சின்ன காயம் ஒரு முனைல மட்டும்னா வைரஸ் பிரதி எடுக்கும்போது நல்ல முனையைப் பாத்து சரி பண்ணிக்கறதும் உண்டு. ஆனா அதை நம்பி உக்காரக் கூடாது.

வைரஸ் செய்யறதுக்கு இந்த பிளாஸ்மிட் மட்டும் போதாது, மூணு வேணும். நம்ம சரக்கு ஒண்ணு, ஏஏவியோட ரெப் (பிரதி எடுக்கறது), கேப் (ஓடு செய்யறது) ஜீன்கள் உள்ளது ஒண்ணு, அடினோவைரஸோட உதவி ஜீன்கள் உள்ளது ஒண்ணு. மூணையும் ஹெச்ஈகே293ங்கற மனுஷ செல்லுக்குள்ள ஒண்ணா போடுவாங்க, 1973ல நெதர்லாந்துல லைடன்ல உருவான செல் வரிசை அது, அடினோவைரஸோட ஈ1 பகுதி அதுக்குள்ள ஏற்கனவே இருக்கு. ஐடிஆர் நம்ம பிளாஸ்மிட்ல மட்டும்தான், அதனால ஓட்டுக்குள்ள ஏறறது நம்ம சரக்கு மட்டும், ரெப்பும் கேப்பும் வெளியவே நின்னுடும், பிறக்கற வைரஸ் நியூரானுக்குள்ள போய் குட்டி போடாது. மூணு நாள் கழிச்சு செல்லை உடைச்சு, ஐயோடிக்சனால்ங்கற அடர்த்தியான திரவத்தோட வெவ்வேறு சதவீத அடுக்குல வச்சு வேகமா சுத்துவாங்க. அடுக்கு தெரியறதுக்காக 25 சதவீதத்துலயும் 60 சதவீதத்துலயும் ஃபீனால் ரெட்ங்கற சாயம் கலந்திருக்கும், நடுவுல 40 சதவீதம் நிறமே இல்லாம கண்ணாடி மாதிரி நிக்கும், வைரஸ் அங்கதான் இருக்கு, ட்யூப் பக்கவாட்டுல ஊசியைக் குத்தி அதை மட்டும் மெதுவா இழுக்கணும். கை ஆடினா வெத்து ஓடுகளும் கூட வந்துடும்.

கேப் ஜீனை மாத்தினா ஓடு மாறும், ஓடு மாறினா போற இடம் மாறும். ஏஏவி2/5, ஏஏவி2/9ன்னு எழுதியிருந்தா முதல் எண் ஐடிஆர் எந்த வகைன்னு, ரெண்டாவது ஓடு எந்த வகைன்னு. 2016ல வந்த ரெட்ரோ ஓடு நியூரானோட வால் நுனில ஏறி செல் உடம்பு வரைக்கும் பின்னாடி பயணம் பண்ணும். அதே வருஷம் வந்த பிஹெச்பி.பி ஓட்டை ரத்தத்துல போட்டாலே மூளைக்குள்ள போகுதுன்னு எல்லாருக்கும் சந்தோஷம், அப்புறம் பாத்தா சி57பிஎல்6ங்கற லேப் எலி வகைல போகுது, பால்ப்-சிங்கற வகைல போகல. அது பிடிச்சு ஏறற எல்ஒய்6ஏங்கற புரோட்டீன்ல எலிக்கு எலி இருக்கற வித்தியாசம்தான் காரணம்.

பேரு சொல்லாத இன்னொண்ணு அளவு. ஒரு மில்லிலிட்டர்ல எத்தனை வைரஸ் டிஎன்ஏன்னு க்யூபிசிஆர்ங்கற டிஎன்ஏ எண்ணற சோதனைல எண்ணுவாங்க, சாதாரணமா ஒரு லட்சம் கோடில இருந்து பத்து லட்சம் கோடி வரைக்கும் வரும். எண்ணறது டிஎன்ஏவை, உள்ள போய் வேலை செய்யற வைரஸை இல்ல, லேபுக்கு லேப் எண்ணற முறையும் மாறுது, அதனால அடுத்தவங்க கட்டுரைல இருக்கற எண்ணை அப்படியே எடுத்துப் போடறது ஆபத்து. கம்மியா போட்டா வெளிச்சத்துக்கு நியூரான் அசையாது, கூடுதலா போட்டா சவ்வு முழுக்க அந்நிய புரோட்டீன் அடைச்சு செல்லே நொந்து போகும், அப்புறம் நம்ம பாக்கற நடத்தை லைட்டால வந்ததா செல் செத்ததால வந்ததான்னே தெரியாது. வைரஸை ரெண்டு மூணு அளவுல நீர்க்க வச்சு போட்டுப் பாக்கறதைத் தவிர வேற வழி இல்ல. போட்டப்புறம் காத்திருக்கவும் வேணும், ஒத்தை இழை ரெட்டை இழையாகி, புரோட்டீன் சேர்ந்து சவ்வுக்கு வர ரெண்டுல இருந்து நாலு வாரம், தூரத்துல இருக்கற வால் நுனி வரைக்கும் நிறையணும்னா இன்னும் கூட ஆகும்.

இதுவரைக்கும் படிச்சவங்க இப்ப இன்னொரு பேரை வாசிச்சுப் பாக்கலாம்: ஏஏவி2.7எம்8-சிஏஜி-க்ரிம்சன்ஆர்-டிடிடொமேட்டோ. 2.7எம்8 ஓட்டோட பேரு, கண்ணுக்குள்ள இருக்கற திரவத்துல போட்டாலே விழித்திரைக்குள்ள நல்லா இறங்கறதுக்காக லேப்ல தேர்ந்தெடுத்தது. சிஏஜி பலமான பொது ப்ரோமோட்டர். க்ரிம்சன்ஆர் வேற ஒரு கிளாமிடோமோனாஸ் பாசியோட புரோட்டீனை மாத்தினது, நீலத்துக்கு பதிலா ஆரஞ்சு சிவப்புப் பக்கம் திறக்கும், பலமான நீல வெளிச்சம் விழித்திரைக்குக் கெடுதல்ங்கறதால இதை எடுத்தாங்க. டிடிடொமேட்டோ சிவப்பா ஒளிர்ற புரோட்டீன். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாங்கற விழித்திரை நோயால பார்வை போன 58 வயசு மனுஷர் ஒருத்தரோட ஒரு கண்ணுல மட்டும் இதை 5000 கோடி பிரதி அளவுக்குப் போட்டாங்க, 2021ல ஹோசே-அலன் சாஹெல், போட்டோண்ட் ரோஸ்கா குழு அதை வெளியிட்டுச்சு. வெளிச்சத்தைப் பிடிக்கற செல்கள் செத்துப்போன கண்ணு அது, அதுக்கு அடுத்த அடுக்குகளைத் தாண்டி மூளைக்குச் செய்தி அனுப்பற கேங்லியன் செல்களையே வெளிச்சம் பிடிக்க வச்சாங்க. எதிர்ல இருக்கறதை கேமராவால பிடிச்சு அம்பர் நிற வெளிச்சமா கண்ணுக்குள்ள அடிக்கற ஒரு கண்ணாடியையும் கொடுத்தாங்க. புரோட்டீன் சேர்ந்து நிலையாகறதுக்கு மாசக்கணக்குல காத்திருந்து, அதுக்கப்புறம் பல மாசம் பயிற்சி எடுத்து, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவர் மேஜை மேல இருந்த நோட்டுப் புத்தகம் எங்க இருக்குன்னு கையால தொட்டுக் காட்டினார், டம்ளர் எத்தனை இருக்குன்னு எண்ணினார். கண்ணாடியைக் கழட்டினா அது எதுவுமே அவரால செய்ய முடியல.